உள் எஞ்சின் படகுக்கு எந்த ஒயில்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் பலநாள் படகுகளிலும், கல்முனை, சாய்ந்தமருது, ஒலுவில் பக்கம் காலையில் போய் மாலையில் திரும்பும் மூன்றரை தொன் போட்டுகளிலும் ஓடுவது பெரும்பாலும் நாலு ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின்தான். கீழேயுள்ளவை அந்த எஞ்சின்களுக்கானவை. பின்னால் மாட்டும் வெளி எஞ்சினைப் பற்றி ஓர் இடத்தில் மட்டும் வருகிறது.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கோ, என்ன ஒயில் ஊத்துறது?

எஞ்சினோடு வந்த கையேடு இருந்தால் அதில் எழுதியிருப்பதை. கையேடு தொலைந்துவிட்டது, அல்லது எஞ்சின் இரண்டாம் கையாக வந்தது என்றால், 15டபிள்யூ-40 பாகுநிலையும் (தடிப்பும்), ஏபிஐ என்ற அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின் சிஐ-4 அல்லது சிஎச்-4 தரமும் உள்ள மினரல் டீசல் எஞ்சின் ஒயில். நம் கடலில் ஓடும் நாலு ஸ்ட்ரோக் டீசல்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இது பொருந்தும். டெலோவா, ரிமுலாவா, சேர்வோவா என்பது அடுத்த விஷயம். கானின் பின்பக்கத்தில் இந்த இரண்டு குறியீடும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிராண்டுக்காகச் சண்டை பிடிக்க வேண்டாம்.

15டபிள்யூ-40 என்றால் என்ன? 10டபிள்யூ, 20டபிள்யூ எல்லாம் கிடக்கே?

டபிள்யூவுக்கு முன்னால் நிற்கும் எண் குளிர்காலத்துக்கானது. 15டபிள்யூ ஒயில் மறை 20 பாகை செல்சியஸில் எஞ்சினைச் சுற்ற விடுகிறதா, மறை 25 பாகையில் பம்பால் இழுபடுகிறதா என்று பார்த்துத்தான் அந்த எண்ணைக் கொடுக்கிறார்கள். நுவரெலியாவிலேயே அப்படியொரு குளிர் கிடையாது. ஆகவே மட்டக்களப்பில் 10டபிள்யூ, 15டபிள்யூ, 20டபிள்யூ எதுவானாலும் முன் எண்ணால் நமக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. 10டபிள்யூ என்பதற்காகக் கூடக் காசு கொடுக்கத் தேவையில்லை.

நமக்கு வேண்டியது பின் எண். 100 பாகை சூட்டில் ஒயில் எவ்வளவு தடிப்பாக இருக்கிறது என்பதை அது சொல்கிறது. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரை, 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. லொறி மேட்டில் ஏறும், பள்ளத்தில் இறங்கும், இடையில் எஞ்சினுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். படகின் புரொப்பெல்லரோ நாள் முழுவதும் ஒரே பாரத்தை இழுக்கிறது. அந்தச் சூட்டில் பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே படலம் அறுந்துபோகாமல் நிற்க 40 வேண்டும்.

அந்தக் காலத்திலிருந்து வெறும் 40தான் ஊத்துறம். அதை விடோணுமா?

வெறும் 40 என்பது டபிள்யூவும் முன் எண்ணும் இல்லாத ஒயில், கானில் எஸ்ஏஈ 40 என்றிருக்கும். உங்கள் எஞ்சின் அதற்கென்றே வடிவமைக்கப்பட்டிருந்தால் விட வேண்டாம். பழைய, மெதுவாகச் சுற்றும் எஞ்சின்கள் சிலவற்றின் கையேட்டில் எஸ்ஏஈ 40 என்றே இருக்கும். டெட்ரோயிட் டீசலின் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு வெறும் 40 கட்டாயம். அவற்றில் 15டபிள்யூ-40 ஊற்றக்கூடாது.

மற்ற எஞ்சின்களில் ஒரு குறை உண்டு. விடியற்காலை எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது வெறும் 40 மேலே ஏறக் கொஞ்சம் கூட நேரம் எடுக்கும். வால்வுப் பக்கமும் டர்போவும் அதுவரை வறண்டு நிற்கும். தேய்மானத்தில் பெரும் பங்கு இந்த முதல் நிமிடத்தில்தான். டர்போ உள்ள எஞ்சின் என்றால் 15டபிள்யூ-40க்கு மாறுவதே சரி. இன்னொன்று: வெறும் 40 என்று மலிவாகக் கிடைக்கும் ஒயில்கள் பலவற்றின் ஏபிஐ தரம் சிசி, சிடி என்று மிகப் பழையதாக இருக்கும். அவற்றைத் தள்ளி வைக்க எண்ணை விட அந்த எழுத்தே பெரிய காரணம்.

சிஎஃப்-4, சிஎச்-4, சிஐ-4, சிகே-4 என்று எழுதிக் கிடக்கு. எது நல்லது?

சி என்று தொடங்கினால் டீசல் எஞ்சினுக்கு. எஸ் என்று தொடங்கினால் பெற்றோல் எஞ்சினுக்கு. சிஎஃப்-4 1990இல் வந்தது, சிஎச்-4 1998இல், சிஐ-4 2002இல், சிஜே-4 2006இல், சிகே-4 2016இல். பொதுவாகப் புதியது பழையதன் வேலையைச் செய்யும். சிஎஃப்-4 கேட்கும் எஞ்சினுக்கு சிஐ-4 தாராளமாக ஊற்றலாம். மறுபக்கம் ஆகாது.

ஆனால் இங்கே "புதியதே மேல்" என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். சிஜே-4, சிகே-4 இரண்டும் புகைக்குழாயில் வடிகட்டி பூட்டிய லொறிகளை மனதில் வைத்துச் செய்தவை. அந்த வடிகட்டி அடைபடாமலிருக்க ஒயிலில் சாம்பல் அளவைக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். கந்தகம் மிகக் குறைந்த டீசலையே அவை எதிர்பார்க்கின்றன. கந்தகம் கூடினால் மாற்றும் இடைவெளியைக் குறைக்கச் சொல்கிறார்கள். சிஎச்-4, சிஐ-4 இரண்டும் 0.5 வீதம் வரை கந்தகம் உள்ள டீசலுக்கென்று வகுக்கப்பட்டவை. படகில் அந்த வடிகட்டி கிடையாது. சாதாரண ஒட்டோ டீசல் அடிக்கிற படகுக்கு சிஐ-4தான் எங்கள் தெரிவு. எஃப்ஏ-4 என்று எழுதிய கானை எடுக்கவே வேண்டாம். அது மெல்லிய ஒயில், பழைய எஞ்சின்களுக்கு ஒத்துவராது.

ஒட்டோ டீசலா, சூப்பர் டீசலா என்பதால் ஒயிலுக்கு என்ன வரப்போகுது?

டீசலில் உள்ள கந்தகம் எரிந்து, எரியும்போது உண்டாகும் நீராவியோடு சேர்ந்து கந்தக அமிலமாகிறது. அது பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே ஒயிலுக்குள் இறங்கும். அந்த அமிலத்தை முறிக்க ஒயிலில் காரம் சேர்த்திருக்கிறார்கள். அதன் அளவை டிபிஎன் என்பார்கள். நல்ல சிஐ-4 ஒயிலில் புதிதாக இருக்கும்போது 10 அளவில் இருக்கும். பாதியாகக் குறைந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஒட்டோ டீசலில் சூப்பர் டீசலை விடக் கந்தகம் அதிகம் என்பதால் காரம் வேகமாகத் தீரும். ஒயிலின் நிறமும் தடிப்பும் நன்றாக இருக்கும்போதே உள்ளே பேரிங் அரிபடத் தொடங்குவது இதனால்தான்.

'மரைன் ஒயில்' என்று எழுதினதுதான் படகுக்கு வாங்கோணுமா? லொறி ஒயில் காணாதா?

காணும். மேலே சொன்ன குறியீடுகள் இருந்தால் லொறிக்கு விற்கிற ஒயிலே போதும். நம் படகுகளில் ஓடும் எஞ்சின்களில் பல, லொறி எஞ்சினுக்குக் கடல்நீர்க் குளிர்விப்பு பூட்டியவைதானே. 'மரைன்' என்ற பெயரில் பீப்பாயில் வரும் சில ஒயில்கள் கனரக எண்ணெயில் ஓடும் பெரிய கப்பல் எஞ்சின்களுக்கானவை. டிபிஎன் 30, 40 என்றிருக்கும். காரம் கூடினால் நல்லதுதானே என்று அதை ஊற்றினால் பிஸ்டன் தலையில் வெள்ளைச் சாம்பல் படிந்து ரிங் இறுகும்.

வயல் மெசினுக்கு வாங்கின ஒயில் மிச்சம் கிடக்கு. அதை ஊத்தலாமா?

அம்பாறைப் பக்கம் வயலும் படகும் ஒரே வீட்டில் இருப்பதால் இந்தக் கேள்வி ஓயாது. மெசினின் (உழவு இயந்திரத்தின்) எஞ்சினுக்கென்று வாங்கிய 15டபிள்யூ-40 டீசல் ஒயில் என்றால் ஊற்றலாம். மெசினின் கியருக்கும் ஹைட்ரோலிக்குக்கும் ஈரப் பிரேக்குக்கும் சேர்த்து ஊற்றும் ஒயில் என்றால் கூடவே கூடாது. கானில் யுடிடிஓ என்று இருக்கும், அல்லது 'ட்ரான்ஸ்மிஷன்', 'ஹைட்ரோலிக்' என்று இருக்கும். அதில் கரியைத் தாங்கும் மருந்து கிடையாது. எஞ்சினில் ஊற்றினால் சில பத்து மணி நேரத்துக்குள் சம்பின், அதாவது எஞ்சினுக்குக் கீழே ஒயில் தங்கும் தொட்டியின், அடியில் தார் மாதிரிப் படியும்.

காருக்கு ஊத்துற ஒயில்? வெளி எஞ்சினுக்குக் கலக்கிற டூ-டி?

கானில் எஸ்என், எஸ்எல் என்று எஸ் எழுத்து மட்டும் இருந்தால் டீசல் எஞ்சினுக்கு வேண்டாம். டூ-டி என்பது எரிபொருளோடு கலந்து எரிந்துபோவதற்கென்றே செய்தது. டிசி-டபிள்யூ3 என்று குறித்திருக்கும். அதற்கும் சம்புக்கும் சம்பந்தமே இல்லை.

சிந்தெற்றிக் ஊத்தினால் எஞ்சின் கூடக் காலம் ஓடுமாமே?

சிந்தெற்றிக், அதாவது செயற்கை ஒயிலின் பெரிய பலம் கடும் குளிரில். அது நமக்கு இல்லை. கடும் சூட்டில் டர்போவைக் காப்பது இரண்டாவது பலம். புதிய, அதிவேக டர்போ எஞ்சின் வைத்திருப்பவர் ஊற்றலாம். ஆனால் அதை நம்பி 250 மணிக்கு மாற்ற வேண்டியதை 500 வரை இழுத்தால் போட்ட காசு வீண். கரியும் அமிலமும் கடல்நீரும் சிந்தெற்றிக் என்று பார்த்து விலகிப் போவதில்லை. பழைய எஞ்சினுக்கு மினரலை வாங்கி, நேரத்துக்கு மாற்றுங்கள்.

லைனரும் ரிங்கும் புதிதாகப் போட்ட எஞ்சினில் முதல் 50 மணிக்குச் சிந்தெற்றிக் வேண்டவே வேண்டாம். ரிங் லைனரோடு உரசிப் பதிய வேண்டிய காலம் அது. அளவுக்கு மீறிய வழுவழுப்போடு மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தால் லைனர் கண்ணாடி போல் பளபளத்து, பிறகு ஆயுள் முழுக்க ஒயில் குடிக்கும். மினரல் ஒயிலில், பாரம் கொடுத்து ஓட்டி, 50 மணியில் ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள்.

எத்தனை நாளைக்கு ஒருக்கா மாத்துறது?

நாளை எண்ணாதீர்கள், மணியை எண்ணுங்கள். ரேடியேற்றர் போல் நன்னீர் சுற்றி, அதைக் கடல்நீர் குளிர்விக்கும் எஞ்சின்களுக்குக் கையேட்டில் பெரும்பாலும் 250 மணி இருக்கும். கடல்நீரே நேராக எஞ்சினுக்குள் சுற்றும் பழைய வகைக்கு 100 முதல் 150 மணி. இந்த வித்தியாசம் ஏனென்றால், கடல்நீர் 60 பாகையைத் தாண்டினால் உள்ளே உப்புப் படியத் தொடங்கும். அதனால் அந்த எஞ்சின்களை வேண்டுமென்றே குளிராக ஓட விடுகிறார்கள். குளிர்ந்த எஞ்சினில் நீராவி வெளியேறாமல் ஒயிலோடு தங்கும், எரியாத டீசலும் கீழே இறங்கும்.

இப்போது கணக்குப் பாருங்கள். பலநாள் படகு 21 நாள் கடலில் நிற்கிறது, சராசரி நாளைக்கு 12 மணி எஞ்சின் ஓடுகிறது என்றால் 252 மணி. அதாவது ஒரு பயணம், ஒரு ஒயில் மாற்றம். "இரண்டு ட்ரிப்புக்கு ஒருக்கா" என்கிற வழக்கம் 500 மணி ஆகிறது. காலையில் போய் மாலையில் வரும் போட் நாளைக்கு 6 மணி ஓடினால் 100 மணி ஆக 17 நாள்.

மணி காட்டும் மீற்றர் பழுதென்றால் டீசலை வைத்துக் கணக்கிடலாம். மணிக்குச் சராசரி 8 லீற்றர் குடிக்கும் எஞ்சின் என்றால், 2000 லீற்றர் முடிந்தால் 250 மணி. டீசல் பில்லைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்தால் போதும்.

டிப்ஸ்டிக் சரியாத்தான் காட்டுது, ஆனால் ஒயில் காணாமல் எஞ்சின் பிடிச்சிட்டுது. எப்படி?

டிப்ஸ்டிக்கில் உள்ள கோடுகள் எஞ்சின் மட்டமாக நிற்கும்போது போட்டவை. படகில் ஷாஃப்ட் பின்பக்கம் சரிந்து இறங்குவதால் எஞ்சினும் பின்னால் சாய்ந்தே நிற்கும். லொறி எஞ்சினை அப்படியே இறக்கிப் பூட்டினால் சம்பு, குச்சி இரண்டும் லொறிக்கானவை. குச்சி சம்பின் எந்த முனையில் இறங்குகிறதோ அதைப் பொறுத்துக் கூடவோ குறையவோ காட்டும்.

திருத்தும் வழி இது. ஒயில் முழுவதையும் எடுத்து, புது ஃபில்டர் பூட்டி, கையேட்டில் சொன்ன அளவை லீற்றர் கணக்கில் அளந்து ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு, குச்சியை எடுத்துப் பாருங்கள். ஒயில் நிற்கும் இடமே உங்கள் படகில் 'நிறைவு'. பழைய கோடு அங்கே இல்லையென்றால் அரத்தால் புதுக் கோடு போடுங்கள். 'குறைவு' கோட்டுக்கு, அடுத்த மாற்றத்தின்போது ஒன்று அல்லது இரண்டு லீற்றர் குறைத்து ஊற்றி அந்த இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சங்கதி. ஐஸும் டீசலும் தண்ணீரும் ஏற்றிய படகு நிற்கும் சாய்வு வேறு, மீனை இறக்கிய படகின் சாய்வு வேறு. ஆகவே எப்போதும் ஒரே நிலையில் பாருங்கள். தளம்பும்போது பார்த்த அளவை நம்ப வேண்டாம்.

கூட ஊற்றுவதும் கேடு. கிராங்க் ஒயிலில் அடித்து நுரை கிளப்பும். நுரையைப் பம்ப் இழுத்தால் பிரஷர் விழும், சீல் கசியும். "இருக்கட்டுமே" என்று ஊற்றும் அந்த மிச்ச ஒரு லீற்றர் நன்மை செய்வதில்லை.

மாற்றும் முறையை ஒழுங்காச் சொல்லுங்கோ.

எஞ்சினைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். ஆறிய ஒயிலை எடுத்தால் கரியும் துகளும் அடியிலேயே தங்கிவிடும். பெரும்பாலான படகுகளில் சம்புக்குக் கீழே சட்டி வைக்க இடமிருக்காது. எஞ்சினிலேயே கைப்பம்ப் பூட்டியிருந்தால் அதைக் கொண்டு எடுங்கள். இல்லையென்றால் டிப்ஸ்டிக் குழாய் வழியாகச் சின்ன ஹோஸ் இறக்கி உறிஞ்சியெடுங்கள். ஹோஸ் அடிவரை போகிறதா என்று குச்சியோடு நீளத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். வெளியே வந்ததையும் அளந்து வையுங்கள். ஊற்றியது 10 லீற்றர், வந்தது 7 என்றால், இடையில் எரிந்தது போக மிச்சம் உள்ளேதான்.

ஃபில்டருக்குக் கீழே பிளாஸ்டிக் பையைக் கட்டிக் கழற்றினால் பில்ஜில் (படகின் அடிப்பள்ளத்தில்) சிந்தாது. கழற்றியதும் பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதற்கு மேலேயே புது ஃபில்டரைப் பூட்டினால் இரண்டு வளையமும் பிரஷரில் பிதுங்கி, சில நிமிடத்தில் முழு ஒயிலும் பில்ஜுக்குள் போய்விடும். புது வளையத்தில் ஒயில் பூசி, ஃபில்டர் நேராகத் தொங்கும் வகையென்றால் அதிலும் ஒயில் நிரப்பி, வளையம் தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று இறுக்குங்கள். ஸ்பானர் வேண்டாம்.

மரை பொருந்துகிறது என்பதற்காக எந்த ஃபில்டரையும் பூட்டக்கூடாது. உள்ளே பைபாஸ் வால்வு திறக்கும் பிரஷரும், ஒயில் திரும்பி வடியாமல் தடுக்கும் வால்வும் வகைக்கு வகை மாறும். பழைய ஃபில்டரின் இலக்கத்தைச் சொல்லி வாங்குங்கள்.

ஒயிலை ஊற்றியபின் ஸ்டொப் லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, எஞ்சின் பற்றாமல், பிரஷர் முள் எழும்வரை விட்டு விட்டுச் சுற்றுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் மெதுவாக ஓட விட்டு, ஃபில்டரைச் சுற்றிக் கசிவு பாருங்கள். நிறுத்திப் பத்து நிமிடத்தில் அளவு பாருங்கள். திகதியையும் மணியையும் ஃபில்டர் மேலேயே எழுதிவிடுங்கள்.

மாத்தின மறுநாளே ஒயில் கறுத்துப்போச்சு. ஏமாத்திட்டாங்களா?

இல்லை. டீசல் எஞ்சினில் ஒயில் சில மணிக்குள் கறுக்கும். கரியைப் படிய விடாமல் தன்னோடு தூக்கிக்கொண்டு சுற்றுகிறது என்று பொருள். நீண்ட நாள் ஓடியும் வெளிறியே இருக்கிற ஒயில்தான் யோசிக்க வைக்கும்.

ஒயில் பால் மாதிரி வெள்ளையாக் கிடக்கு. கடலுக்குப் போகலாமா?

போகக்கூடாது. ஒயிலில் நீர் கலந்துவிட்டது. ஒயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்ணிறப் பசை, டிப்ஸ்டிக்கில் ஒயில் சுத்தம் என்றால் அது நீராவி குளிர்ந்து படிந்தது. எஞ்சின் சூடேறாமல் ஓடுகிறது என்று பொருள். தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருக்கிறார்களா என்று பாருங்கள். "சூடேறாமல் இருக்கட்டும்" என்று அதைக் கழற்றுவது பரவலான பழக்கம். நன்னீர் சுற்றும் எஞ்சின் 75 முதல் 85 பாகையில் ஓட வேண்டியது, கழற்றினால் 50இலேயே நிற்கும்.

குச்சியிலேயே வெள்ளையாக இருந்தால் நீர் எங்கிருந்து வந்தது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். நன்னீர்த் தாங்கியில் நீர் குறைகிறதா? அப்படியானால் ஹெட் கேஸ்கட், லைனர் ரப்பர் வளையம், அல்லது ஒயில் கூலர். நன்னீர் குறையவே இல்லை என்றால் வந்தது கடல்நீர். கடல்நீர்ப் பம்ப் எஞ்சினின் கியரோடு பூட்டியிருந்தால் அதன் சீலைச் சந்தேகியுங்கள். நீர் சீலுக்கும் ஒயில் சீலுக்கும் நடுவே கீழ்ப்பக்கம் ஒரு சின்னத் துவாரம் இருக்கும். கசிவு அதன் வழியே வெளியேறி எச்சரிப்பதற்காக. கிறீஸும் பெயின்டும் அதை அடைத்திருந்தால் நீர் நேரே சம்புக்குள் போகும். ஒயில் கூலருக்குள்ளேயே கடல்நீர் சுற்றும் எஞ்சினென்றால் அதன் குழாய்களையும் சோதியுங்கள்.

புகைக்குழாயில் நீர் கலக்கும் எஞ்சின்களில் இன்னொரு வழியும் உண்டு. எஞ்சின் பற்றாமல் திரும்பத் திரும்பச் சுற்றினால், கடல்நீர்ப் பம்ப் நீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வெளியேற்றப் புகையின் பலம் இல்லாததால் அது மஃப்ளரில் நிறைந்து வால்வு வழியே சிலிண்டருக்குள் இறங்கும். மொத்தம் அரை நிமிடத்துக்கு மேல் சுற்ற வேண்டியிருந்தால் கடல்நீர் வால்வை அடைத்துவிட்டுச் சுற்றுங்கள். பற்றியவுடன் திறக்க மறக்கக்கூடாது.

கொஞ்சமான நீர் கண்ணுக்குத் தெரியாது. பழைய தகரத் தட்டை அடுப்பில் நன்றாகச் சூடாக்கி ஒரு சொட்டு ஒயிலை விடுங்கள். சடசடவென்று வெடித்தால் நீர் உண்டு. முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், தெறிக்கும்.

கடல்நீர் புகுந்த எஞ்சினை ஓரிரவும் அப்படியே வைக்காதீர்கள். பேரிங் மேல் துரு ஏறிவிடும். கசிவை அடைத்து, ஒயிலை எடுத்து, புது ஃபில்டரோடு மலிவான 15டபிள்யூ-40 ஊற்றி, பாரமில்லாமல் பதினைந்து நிமிடம் சூடேற ஓட்டி எடுங்கள். வெண்மை போகும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். மூன்று தடவையாவது எடுக்கும். பிறகு நல்ல ஒயில். அதையும் 25 மணியில் மாற்றுங்கள். சிலிண்டருக்குள் நீர் இருக்கும் சந்தேகம் இருந்தால் ஸ்டார்ட்டரைத் தொடவே வேண்டாம். இன்ஜெக்டர்களைக் கழற்றி, கையால் சுற்றி நீரை வெளியேற்றிய பிறகுதான் மற்றதெல்லாம். நீர் அமுங்காது, கொனெக்டிங் ரொட் வளையும்.

ஊத்தாமலே ஒயில் அளவு கூடுது. என்ன மாயம்?

வெள்ளையாக இல்லை, மெல்லியதாக இருக்கிறது, முகர்ந்தால் டீசல் மணக்கிறது என்றால் டீசல் கலக்கிறது. ஒழுகும் இன்ஜெக்டர், ஹெட்டுக்குள் ஓடும் திரும்பு குழாய், டீசல் ஏற்றும் பம்பின் டயஃப்ரம், இன்ஜெக்ஷன் பம்பின் சீல் என்று தேடுங்கள். அதோடு ஓட்டினால் பேரிங் முதலில் போகும். முற்றினால் எஞ்சின் அந்தக் கலவையையே இழுத்து எரித்து, லீவருக்கு அடங்காமல் ஓடத் தொடங்கும்.

பிரஷர் எவ்வளவு காட்டோணும்?

சூடான எஞ்சின் மெதுவாக ஓடும்போது 1 பார் அளவு, வேகத்தில் 3 முதல் 5 பார். ஆயிரம் சுற்றுக்குப் பத்து பிஎஸ்ஐ என்பது மெக்கானிக்மாரின் பழைய கணக்கு. எண்ணை விட, உங்கள் எஞ்சின் வழக்கமாகக் காட்டுவதிலிருந்து விலகுவதுதான் சேதி. பிரஷர் விழுந்ததும் 50 ஊற்றி முள்ளைத் தூக்கிவிடுவது சிலருடைய வைத்தியம். முள் எழும், தேய்ந்த பேரிங் தேய்ந்துகொண்டே இருக்கும். முதலில் வேறொரு கேஜைப் பூட்டி உண்மையா என்று பாருங்கள்.

கியர்பொக்ஸுக்கும் அதே ஒயிலா?

கியர்பொக்ஸின் மேல் உள்ள தகட்டைப் பார்க்காமல் எதையும் ஊற்றாதீர்கள். சிலவற்றுக்குச் சிவப்பு நிற ஏடிஎஃப் (ஒட்டோமற்றிக் கியருக்கான ஒயில்). வேறு சிலவற்றுக்கு எஸ்ஏஈ 30 அல்லது 40 எஞ்சின் ஒயில். ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும், அல்லது பிடிக்கத் தாமதிக்கும். லொறி டிஃபரென்ஷலுக்கு ஊற்றும் ஜிஎல்-5 ஒயில் கிளட்ச் உள்ள படகு கியருக்கு ஆகாது.

மாரிக்குப் படகைக் கரையேத்துறம். ஒயிலைத் தைக்கு மறுகா மாத்தினாப் போதும்தானே?

தலைகீழாகச் செய்யுங்கள். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றும் மழையும் பிடித்துப் படகு கட்டிக் கிடக்கும் காலத்தில் பழைய ஒயிலில் உள்ள அமிலமும் ஈரமும் பேரிங்கில் ஊறிக்கொண்டே இருக்கும். கட்டுவதற்கு முன் மாற்றி, புது ஒயிலோடு பத்து நிமிடம் ஓட்டி எல்லா இடமும் பூசவிட்டு நிறுத்துங்கள். புகைக்குழாய் மேல்நோக்கி நிற்கும் படகென்றால் தகர டப்பாவால் கவிழ்த்து மூடிக் கட்டுங்கள். மாரி மழை அந்த வழியே சிலிண்டருக்குள் இறங்கி எஞ்சின் இறுகிப் போவதுண்டு. ஸ்டார்ட் செய்யுமுன் டப்பாவை எடுக்க, சாவியில் ஒரு துணியைக் கட்டி வையுங்கள்.

சில்லறையா ஊத்தி விக்கிற ஒயில் மலிவு. வாங்கலாமா?

பீப்பாயில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே சில வேளை தெரியாது. நல்ல ஒயிலாகவே இருந்தாலும், வெயிலிலும் மழையிலும் நிமிர்ந்து நிற்கும் பீப்பாய் பகலில் விரிந்து இரவில் சுருங்கும்போது மேல்மூடியில் தேங்கிய மழைநீரை உள்ளே இழுக்கும். பீப்பாய் வைத்திருப்பவர்கள் அதைப் படுக்கவைத்து, இரண்டு மூடியும் ஒரே மட்டத்தில் பக்கவாட்டில் வரும்படி வையுங்கள். கானில் வாங்குபவர்கள் சீல், தொகுதி இலக்கம், இறக்குமதியாளர் பெயர் பாருங்கள். இலங்கையில் மசகு எண்ணெய்ச் சந்தையை மேற்பார்வை செய்வது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. அனுமதி பெற்றவர்கள் மட்டுமே சட்டப்படி இறக்குமதி செய்யலாம். வெறும் கானைத் தூக்கி எறியுமுன் மூடியில் துளை போட்டுவிடுங்கள், யாரும் திரும்ப நிரப்பி விற்க முடியாது.

ஒயிலோடு சேர்த்து ஊத்துற மருந்துப் போத்தல்?

வேண்டாம். அந்தக் காசுக்கு ஃபில்டர் வாங்குங்கள்.

பழைய ஒயிலை என்ன செய்றது? போட் பலகைக்குப் பூசலாமே?

பழைய ஒயிலில் எரிந்த டீசலின் நச்சுப் பொருள்கள் உண்டு. தோலில் தொடர்ந்து பட்டால் புற்றுநோய் ஆபத்து. பலகையிலிருந்து கழுவுப்பட்டு வாவிக்குத்தான் போகும், இறாலும் நண்டும் அங்கேதான் குஞ்சு பொரித்து வளர்கின்றன. முகத்துவாரம் மூடிக் கிடக்கும் காலத்தில் வாவியில் விழுந்தது வெளியே போகவும் வழியில்லை. 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசுறல் தடுப்புச் சட்டப்படி கடலில் எண்ணெய் விடுவது குற்றம். புது ஒயில் வந்த கானிலேயே பழையதை ஊற்றி மூடி, பழைய ஒயில் சேர்க்கும் சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள். அதனோடு தண்ணீரோ பெயின்ட் தின்னரோ கலந்தால் அவர்களும் எடுக்கமாட்டார்கள். தானாக ஓடும் பில்ஜ் பம்ப் உள்ள படகில், எஞ்சினுக்குக் கீழே ஒயில் தேங்கும் இடத்தைத் தனியாகத் தடுத்து வையுங்கள்.

ஆழ்கடலுக்குப் போகும்போது என்னென்ன கொண்டு போகோணும்?

ஒரு முழு மாற்றத்துக்குக் காணும் ஒயில், அதே பிராண்ட், அதே தரம். இரண்டு ஃபில்டர். உறிஞ்சும் பம்ப், வெறும் கான். இதற்கு மேல் குறை நிரப்ப: நல்ல எஞ்சின் ஆயிரம் லீற்றர் டீசல் எரிக்கும்போது ஒன்றிலிருந்து மூன்று லீற்றர் ஒயில் குடிப்பது வழக்கம். 4000 லீற்றர் ஏற்றிப் போகும் படகுக்கு 12 லீற்றர் கூட வேண்டும். உங்கள் எஞ்சின் அதை விடக் கூடக் குடிக்கிறதென்றால் அந்தக் கணக்கில் கூட்டிக்கொள்ளுங்கள், திரும்பி வந்ததும் ரிங்கையும் வால்வு சீலையும் டர்போவையும் பார்க்கச் சொல்லுங்கள். நடுக்கடலில் ஒயில் முடிந்து பக்கத்துப் படகில் வாங்க நேர்ந்தால், அதே 15டபிள்யூ-40 டீசல் ஒயில் என்றால் பிராண்ட் மாறினாலும் கலக்கலாம். கரைக்கு வந்ததும் முழுவதையும் மாற்றிவிடுங்கள்.